சிவலிங்கத்தின் பெயரில் ஒரு கிணறு

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் கூட்டிச் சொன்னேன், குறைத்துச் சொன்னேன் என்று பிறகு யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

மேடையில் நான்கு பேர். நடுவில் கோப்ரல் அலியார். என் ராத்தாவைக் கட்டியவர், எனக்கு மச்சான், ஐஸ் பெக்டரியின் முதலாளி, அந்தச் சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழுவின் முதல் வேட்பாளர். அவருக்கு வலப்பக்கம் தலைமை தாங்கிய ஹனிபா சேர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இடப்பக்கம், பாண்டிருப்பிலிருந்து அதே குழுவில் கேட்ட பாலன். பின்னால் ஒலிபெருக்கிக்காரர். அவருக்குக் கட்சி இல்லை, வாடகைதான்.

மேடைக்குக் கீழே, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நான்.

முன்னால் கதிரைகள் நூற்றிருபது. நான்தான் எண்ணி இறக்கினேன். அஸர் தொழுது வந்து எண்ணியபோது ஆண்கள் எண்பத்துநான்கு பேர், பெண்கள் இருபத்தேழு பேர், வெறுங்கதிரை ஒன்பது. மதிலில் சாய்ந்து நின்றவர்களை எண்ணவில்லை. அவர்கள் எல்லாக் கட்சியின் கூட்டத்துக்கும் வருகிறவர்கள். தேத்தண்ணிக் கடை வாசலில் சிவில் உடுப்பில் ஒரு பொலிஸ்காரர்.

பெண்களில் எட்டுப் பேர் பாலன் வேனில் அழைத்து வந்தவர்கள். மூன்றாவது வரிசையின் ஓரத்தில், மடியில் தண்ணீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, வெளிர்நீலச் சேலை கட்டிய ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆசிரியர் திருத்திக்கொள்வார். மற்றப் பிழைகளுக்கு அவர் பொறுப்பில்லை.

ஐஸ்காரனுக்கு இஸ்திரிப்பெட்டி

எனக்கு எதற்கும் பயம். மச்சானின் பெக்டரியில்தான் எனக்கு வேலை, அதைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். ஜெனரேட்டரில் பெற்றோல் போதுமா, மழை வருமா, வெறுங்கதிரையை யாராவது படம் எடுப்பார்களா என்று ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயப்பட வேண்டியதற்கு மட்டும் நான் பயப்படவில்லை.

கூட்டம் நடந்தது கல்முனைக்குடிக்கும் பாண்டிருப்புக்கும் நடுவில், டவுனுக்குப் பின்னால் இருக்கிற ஒரு வெறுங்காணியில். எங்கள் வட்டாரத்தில் முஸ்லிம், தமிழ் என்று இரண்டு சனமும் இருந்தது. இரண்டு பக்கமும் ஐஸ் விற்கிற ஆள் கேட்டால் இரண்டு பக்கமும் வோட்டு விழும் என்று ஹனிபா சேர் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்.

எங்களுக்குக் கிடைத்த சின்னம் இஸ்திரிப்பெட்டி. மச்சான் அதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். "ஐஸ்காரனுக்கு அதத்தானா குடுக்கணும்? ஒண்டு உருகும், மத்தது உருக்கும்."

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முந்திய வாரம் அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. எதிர்ப்பக்கத்தார் ஒரு கதையை இறக்கி விட்டிருந்தார்கள். பட்டாளத்தில் இருந்த காலத்தில் சனத்தின் பொருளை எடுத்துத்தான் கோப்ரல் பெக்டரி போட்டார் என்று. சந்தையிலும் சலூனிலும் அதே பேச்சு. வீட்டுக்குள் ராத்தாகூட ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அப்பிடி ஒண்டும் இல்லத்தானே?" என்று கேட்டுவிட்டாள். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

அதனால்தான் அன்றைக்கு மேடையில் அவர் வடிகானைப் பற்றியும் தெரு லைற்றைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார்.

எங்கள் ஊர்களில் ஒருவர் மௌத்தானால், மையித்தைக் கபன் புடவையால் சுற்றி வைத்து, ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகனோ சகோதரனோ சனத்துக்கு முன்னால் எழும்பி நிற்பார். மையித்து யாருக்காவது கடன்பட்டிருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு, அல்லது பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார். கடனோடு ஒருவரை மண்ணுக்குள் அனுப்பக் கூடாது என்பதற்காக.

மச்சான் பொய்க்காலை இழுத்து முன்னுக்கு வந்து, மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"நம்மட ஊருல ஆள் மௌத்தானாப் புறகுதான் இதக் கேக்கிற. நான் உசிரோட இருக்கக்குள்ளயே கேக்கன். அலியார் ஆருக்காவது கடனா? ஆர்ட பொருளாவது அலியார்ட கையில இரிக்கா? இரிந்தா எழும்பிச் சொல்லுங்க."

மதில் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கோப்ரல் காக்கா, கபன் புடவை எடுத்தாச்சா?"

சனம் கொல்லென்று சிரித்தது.

"எடுத்தாச்சு மன," என்றார் மச்சான். "இஸ்திரி போட மட்டுந்தான் கிடக்கு."

இன்னும் பெரிய சிரிப்பு. ஹனிபா சேரே வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் எங்கள் கைக்குள் வந்துவிட்டது என்று நான்கூட நினைத்தேன். மச்சான் இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது சிரிப்பு அடங்கியிருந்தது.

வெளிர்நீலச் சேலைக்காரி எழும்பினார். போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"எனக்குத் தரோணும்," என்றார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது.

"சொல்லுங்க அக்கா. என்ன தரணும்?"

"எஞ்சின். என்ட மனிசன் உங்களிட்ட வெச்சிற்றுப் போன வள்ளத்து எஞ்சின். சிவலிங்கம். மறந்திற்றீங்களா?"

கரத்தையில் வந்தது

அந்த எஞ்சினை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

மச்சான் பட்டாளத்தில் சேருவதற்கு முன் கடல் தொழிலுக்குப் போனவர். பாண்டிருப்பில் சிவலிங்கம் என்பவரின் வள்ளத்தில் மூன்று வருஷம் வலை இழுத்தார். பிறகு வீட்டில் சோறு இல்லாத ஒரு வருஷம் வந்தது. அவர் போய்ப் பேரைப் பதிந்துவிட்டு வந்தார். எங்கள் தெருவில் அப்படிப் போனவர் அவர் ஒருவர்தான்.

சண்டைக் காலத்தில் சில மாதம் அவரை எங்கள் பக்கத்துக் காவல் சென்றி ஒன்றில் போட்டிருந்தார்கள், தமிழ் தெரியும் என்பதற்காக. ஒரு நாள் காலை சிவலிங்கம் குடும்பத்தோடு அந்தச் சென்றிக்கு வந்தார். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல், மட்டக்களப்புக்குக் கொண்டுபோக வேண்டும், எப்போது திரும்புவோம் என்று தெரியாது. கரையில் விட்டால் எஞ்சின் நிற்காது. தோளில் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

"அலியார், இத வெச்சிரு. வந்து எடுக்கன்."

இவ்வளவுதான் பேச்சு. துண்டு இல்லை, சாட்சி இல்லை. மச்சான் எனக்கு ஆள் அனுப்பினார். நான் கரத்தை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போய், எஞ்சினைச் சாக்கால் மூடி, வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தள்ளி வந்தேன். குசினி மூலையில் வைத்தோம். வருஷக்கணக்காக அது அங்கேயே இருந்தது. ராத்தா அதன் மேல் மிளகாய்ச் சுளகை வைப்பாள். மழை நாளில் குசினி முழுக்கப் பெற்றோலும் மிளகாயும் கலந்த ஒரு மணம் எழும்பும்.

மச்சான் வடக்கில் கண்ணிவெடியில் இடது பாதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சிவலிங்கம் வரவில்லை. சமாதானம் பேசிய காலத்தில் கடல் திறந்தது, மீன் வந்தது, ஐஸுக்கு ஆளாய்ப் பறந்தார்கள். வெளியூர் பெக்டரியில் ஐஸ் எடுத்து உமிக்குள் புதைத்துக் கொண்டுவந்து விற்கலாம் என்று மச்சானுக்கு யோசனை. பென்ஷன் காசு பழைய வேன் ஒன்றுக்குப் போதவில்லை. நாற்பதாயிரம் ரூபா இடித்தது.

மூன்று நாள் குசினி வாசலில் கதிரையைப் போட்டு எஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நம்பிக் குடுத்த அமானிதத்தில கை வைக்கிறம், மன்சூர். இது பாவம். இது எனக்குக் கடன். நீ எழுதி வை."

நான் விற்றேன். நாற்பத்திரண்டாயிரம். எழுதி வைத்தேன்.

இரண்டு வருஷத்தில் வேன் இரண்டாகி, பிறகு கடல் வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போனது. எங்கள் வேன்கள் அன்றைக்கு மேட்டில் நின்றதால் தப்பின. அடுத்த வருஷம் மச்சான் ஒரு கவரை என் கையில் வைத்தார். அறுபதாயிரம்.

"அவன்ட காசு நம்மட தொழில்ல ஓடியிரிக்கி. அப்ப லாபத்திலயும் அவனுக்குப் பங்கு. பாண்டிருப்புக்குப் போ. அவன் இல்லாட்டி பொண்டாட்டி புள்ளைகளத் தேடிக் குடு. எனக்கு இந்தக் காலோட தெருத் தெருவா அலைய ஏலா."

மூன்று தடவை

மூன்று தடவை போனேன்.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் அது வேறு தேசம் மாதிரி. ஒரு நாள் ஹர்த்தால் என்பார்கள், ஒரு நாள் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்பார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை, அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை.

முதல் தடவை டவுன் சந்தியில் கடைகள் பூட்டத் தொடங்கின. திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை பாண்டிருப்புக்குள் போய், ஒரு கடைக்கு முன்னால் நின்ற நான்கைந்து பேர் என் தொப்பியைப் பார்த்ததைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அவர்கள் சும்மாதான் பார்த்திருப்பார்கள். மூன்றாம் தடவை தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய், சைக்கிளில் இருந்து இறங்காமலே ஒரு கிழவரிடம் கேட்டேன்.

"சிவலிங்கமா? கடல் வந்ததோட அந்தப் பக்கம் ஒரு வீடும் இல்லத் தம்பி," என்றார்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மிதித்துவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பொண்டாட்டியும் பிள்ளைகளும் முகாமில் இருக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருப்பார். முகாம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

கவர் என் அலுமாரியில் இருந்தது. உறக்கம் வராது. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் லெவ்வையிடம் ஆள் பேர் சொல்லாமல் கேட்டேன். கடன் கொடுத்தவரைக் காணவில்லை என்றால் என்ன செய்வது?

"நல்லாத் தேடணும்," என்றார். "ஊர் ஊராத் தேடணும். தேடியும் கிடைக்காட்டித்தான், அவர்ட பேரில தர்மமா சதகா குடுத்திரலாம்."

பயந்தவன் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். நான் கடைசிப் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊரில் கொடுத்தால் கதை பரவும். அதனால் பஸ் ஏறி இறக்காமம் பக்கம் போனேன். வயல்வெளியில் ஒரு சின்னப் பள்ளிவாசல், பக்கத்தில் பாதி தோண்டிய ஒரு கிணறு. முந்திய இரவு யானை வந்து வரம்பை மிதித்துப் போயிருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் அறுபதாயிரத்தை எண்ணிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர்ட பேரில எழுத?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சிவலிங்கம், பாண்டிருப்பு," என்றேன்.

பேனை நின்றது. "சிவலிங்கமா?"

"ஓம்."

பிறகு, "தண்ணிக்கு என்ன பேர்," என்று சொல்லி எழுதித் தந்தார். அந்தத் துண்டை பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் கேட்டார். "குடுத்தியா?"

"குடுத்தாச்சு மச்சான்."

"ஆர்ட கையில?"

"பொண்டாட்டிட கையில."

"என்ன சொன்னா?"

"சந்தோசப்பட்டா."

அவர் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அன்றைக்கு அஸரில் அவர் ஸுஜூதில் நெடுநேரம் இருந்தார். நான் பக்கத்தில் நின்று தொழுதேன்.

பெற்றோல் டாங்கியின் மூடி

இப்போது மேடைக்கு வருகிறேன்.

சிவலிங்கம் என்ற பெயரைக் கேட்டதும் மச்சானின் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவர் பயப்படவில்லை. தனக்குச் சாட்சி வந்துவிட்டது என்று நினைத்தார்.

"சிவலிங்கண்ணன்ட மனிசியா? அல்லாஹ்வே! எப்பிடி அக்கா இரிக்கீங்க? அந்தக் கணக்குத்தான் முடிஞ்சுதே. உங்கட கையிலதானே தந்த. நீங்களே இந்தச் சனத்துக்குச் சொல்லுங்க."

மேடையிலிருந்து குனிந்து மைக்கை அந்தப் பக்கம் நீட்டினார். வயர் போதவில்லை. ஒலிபெருக்கிக்காரர் ஓடி வந்து இழுத்துக் கொடுத்தார்.

அந்த வெளிர்நீலச் சேலைக்காரி, கமலாம்பிகை, மைக்கை வாங்கவில்லை.

"என்ட கையில ஆர் தந்த? ஒரு சதம் வரல்ல. கடல் அவரக் கொண்டு போச்சு. பொடியும் கிடைக்கல்ல. இடியப்பம் அவிச்சு ரெண்டு புள்ளைய வளத்தன். உங்கட ஐஸ் லொறி எங்கட தெருவால போகக்குள்ள ஒவ்வொரு நாளும் பாப்பன். பட்டாளத்து ஆள்ட வீட்டுக்குப் போய் எஞ்சினத் தா எண்டு கேக்க எனக்குப் பயம். இண்டைக்கு நீங்களே கேட்ட. அதான் சொல்லுறன். கள்ளனுக்கு வோட்டுப் போடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெனரேட்டர் மட்டும் கத்திக்கொண்டு இருந்தது.

மச்சான் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் எழும்பி நிற்க வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும். நான் தலையைக் குனிந்து பெற்றோல் டாங்கியின் மூடியைப் பார்த்தேன். சிவப்பு மூடி. ஓரத்தில் வெடிப்பு. அதை ஒரு தரம் இறுக்கினேன். இறுகித்தான் இருந்தது. மறுபடியும் இறுக்கினேன்.

மச்சானின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"தரல்லத்தான். அது என்ட பிழை. என்ட கையில வெச்ச பொருள், நான்தான் பொறுப்பு. தருவன்."

மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கினார். இறங்கும்போது பாலன் கை கொடுத்தார். நான் கொடுக்கவில்லை.

ஏழு நாள்

தேர்தலுக்கு ஏழு நாள் இருந்தது.

அன்று மாலையே மச்சான் எஞ்சின் வாங்கக் கிளம்பினார். ஹனிபா சேர் பெக்டரி வாசலில் நின்று மறித்தார்.

"அலியார், இப்ப குடுத்தா வோட்டுக்கு லஞ்சம் எண்டு வழக்குப் போடுவானுகள். அந்தப் பொம்புளயயும் கோட்டுக்கு இழுப்பானுகள்."

"குடுக்காட்டி நான் கள்ளன் சேர்."

"ஓம். ஏழு நாளைக்குக் கள்ளனா இரு."

இருந்தார். எதிர்ப்பக்கத்து நோட்டீஸில் எங்கள் இஸ்திரிப்பெட்டிக்குப் பின்னால் வள்ளத்து எஞ்சின் ஒன்றைப் பூட்டிப் படம் போட்டிருந்தார்கள். நன்றாக வரைந்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. வீடு வீடாகப் போனபோது கதவைத் திறந்தவர்கள் தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "கோப்ரல், எங்கட வீட்டிலயும் ஒரு தையல் மெசின் இரிக்கி, பாத்து வெச்சிரிக்கியளா?" என்று கேட்டார். மச்சான் ஸலாம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். கால் வெட்டுப்பட்ட இடம் புண்ணாகியிருந்தது. ஒவ்வொரு பொழுதும் ராத்தா மருந்து கட்டும்போது நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

முப்பத்தெட்டு வோட்டால் தோற்றார்.

லொறியில்

முடிவு வந்த மறுநாள் காலையில் புது எஞ்சின் ஒன்று பெட்டியோடு லொறியில் ஏறியது. அதே குதிரை வலு. மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

"ஏறு," என்றார் என்னிடம்.

அவர்தான் ஓட்டினார். டவுன் சந்தியைத் தாண்டும்வரை நான் பேசவில்லை. எந்தச் சந்தியில் முதல் தடவை திரும்பினேனோ அந்தச் சந்தி. அதைத் தாண்டியதும் வாய் தானாகத் திறந்தது. மூன்று தடவை, கிழவர், லெவ்வை, இறக்காமம், பிஸ்கட் தகரம், எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேனா என்று கேட்டால், ஓம்.

"தெரியும்," என்றார்.

"எப்ப?"

"நீ அந்த மூடிய இறுக்கக்குள்ள."

"அப்ப ஏன் மச்சான் சொல்லல்ல? நான்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா…"

கியரை மாற்றினார்.

"சனத்துக்கு முன்னால ஒரு ஆளக் கைநீட்டிக் காட்டுறது என்னெண்டு எனக்குத் தெரியும், மன்சூர். பட்டாளத்து உடுப்பக் கழட்டின அண்டைக்கு அத விட்டுட்டன்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

கமலாம்பிகை அக்காவின் வீட்டு முற்றத்தில் இடியப்பத் தட்டுகள் காய்ந்துகொண்டு இருந்தன. பெட்டியை இறக்கியபோது அவர் உள்ளே இருந்து வரவில்லை. மச்சான் வாசலில் நின்று, "பிந்திப் போச்சு அக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு லொறிக்குத் திரும்பினார். என்னைக் காட்டிக்கொடுக்க அப்போதும் அவர் நினைக்கவில்லை.

நான் நின்றேன். பிஸ்கட் தகரத்துத் துண்டை எடுத்து நீட்டினேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அவர் வெளிச்சத்துக்குப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"சிவலிங்கம், பாண்டிருப்பு. கிணறு." நிமிர்ந்தார். "இதென்ன தம்பி?"

சொன்னேன். முதலில் அவர் சிரித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். "கடல்ல போற மனிசனுக்குக் கிணறு கட்டினயா? அதுவும் பள்ளியில?" பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அந்தாள் தந்தவர்."

"ஓம் அக்கா."

"நான் சனத்துக்கு முன்னால கள்ளன் எண்டு சொன்னன்."

"ஓம்."

"நீயும் அங்கதானே நிண்டாய்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார். லொறி அதற்குள் தெரு முனையில் திரும்பிவிட்டது. கையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

தண்ணி கிடக்கா

அன்றைக்குப் பிறகு கமலா அக்கா என்னைக் கண்டால் ஒரே கேள்விதான் கேட்பார். "அந்தக் கிணத்தில தண்ணி கிடக்கா?"

எனக்குத் தெரியாது. காசைக் கொடுத்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு நாள் அவரையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

கிணறு இருந்தது. யானை இடித்த ஒரு பக்கத்துக் கட்டை மறுபடியும் கட்டியிருந்தார்கள். வெள்ளாமை வெட்ட வந்தவர்கள் குளித்துக்கொண்டு இருந்தார்கள். எங்களைக் கண்டு ஒதுங்கினார்கள். கட்டின் உள்பக்கம், காசு கொடுத்தவர்களின் பெயரைச் சீமெந்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு லெவ்வைமாரின் பெயருக்கு நடுவில் சிவலிங்கம்.

அக்கா ஒரு வாளி அள்ளினார். முகம் கழுவினார். பிறகு ஈரக் கையால் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தார். பாசியைக் கழுவுகிறார் என்று முதலில் நினைத்தேன். சிவலிங்கத்துக்குச் சமாதி இல்லை, உடல் கிடைக்கவில்லை, வேறெங்கும் அவர் பெயர் எழுதப்படவில்லை என்பது எனக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

இதைச் சொல்லி நான் தப்பப் பார்க்கவில்லை. கிணறு நல்லது. நான் செய்தது நல்லதல்ல. அந்த அறுபதாயிரம், முகாமில் இருந்த ஒருத்திக்கு, இரண்டு பிள்ளைகளோடு இருந்தவளுக்கு, அந்த வருஷம் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எண்ணி முடியவில்லை.

எழுது என்றார்

அக்கா தன் தெருவில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆனால் அது டவுன் சந்தியைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் மச்சான் இன்னும் எஞ்சின் எடுத்த ஆள்தான்.

இப்போது மறுபடியும் சபைத் தேர்தல் பேச்சு அடிபடுகிறது. போன கிழமை சலூனில் இருந்தேன். "எஞ்சின் கோப்ரல் இந்த முறையும் கேப்பாரோ?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் கழுத்தில் துணி கட்டியிருந்தது, முகத்தில் சவர்க்கார நுரை. நான் மறுபடியும் வாயைத் திறக்கவில்லை. பாதிச் சவரத்தோடு வீட்டுக்கு வந்து இந்த அத்தியாயத்தை எழுதத் தொடங்கினேன். வேறு ஒன்றுதான் இந்த வாரத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன்.

அனுப்புவதற்கு முன் மச்சானிடம் வாசித்துக் காட்டினேன். சீனி வியாதியில் அவருக்குக் கண் மங்கல். ஐஸ் பெக்டரி வாசலில் உட்கார்ந்து, பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தார். ஓரிடத்தில் மட்டும் மறித்தார்.

"முப்பத்தெட்டு இல்ல. முப்பத்தேழு."

"நான் எண்ணினன் மச்சான்."

"உன்ட வோட்டையும் சேத்து எண்ணினாயா?"

அந்த நாள் காலையில் நான் வோட்டுப் போடப் போகவில்லை. வரிசையில் கமலா அக்கா நிற்பார் என்று பயந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வாசித்து முடித்ததும், "பேரெல்லாம் போடவா?" என்று கேட்டேன்.

"போடு."

"சனம் என்னைக் கேவலமாப் பேசும்."

"பேசும். எனக்குப் பழக்கம், உனக்கும் பழகும்." பொய்க்காலை எடுத்து வாரைக் கட்டத் தொடங்கினார். "தொகையையும் எழுது. நீ எனக்கு முந்திப் போனா உன்ட மகன்தான் பள்ளியில எழும்பி நிக்கணும். அவன் அங்க நிண்டு முழுசக் கூடாது."

அந்தத் தொகை இதுதான். முதல் தரம் கொடுத்த அறுபதாயிரம் அவருடையது, அது கிணறாக நிற்கிறது. இரண்டாம் தரம் வாங்கிய எஞ்சினின் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என் கணக்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்ட கணக்கு. மச்சான் தரும் மாதச் சம்பளத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு கழிகிறது. ஊரடங்கு போட்ட வியாதிக் காலத்திலும், டீசல் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்திலும் கழிக்கவில்லை. இதுவரை எழுபத்தொன்பது தவணை. மகன் இதை வெட்டி வைத்துக்கொள்ளட்டும்.

மீதி, ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.